கணக்கில் வராத காற்று

அன்று அந்தப் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலில் நான், முனைவர் குமுதவல்லி. பெண்கள் கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து, முதல்வராக ஓய்வு பெற்றவள். இரண்டாவது என் அக்கா பங்கஜவல்லி; எதையும் கற்பிக்காதவள், எதையும் கற்றுக்கொள்ளாதவள். மூன்றாவது பட்டறை முதலாளி வரதராஜுலு. நான்காவது தலைமை மெக்கானிக் ஷாஜகான். ஐந்தாவதுதான் நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் சகாயமேரி. வேறு யாரும் இருந்ததாக எவராவது சொன்னால் நம்பாதீர்கள், தம்பி. ஆண்டுக்கணக்கில் வருகைப்பதிவு எடுத்தவள் நான். தலை எண்ணுவதில் எனக்குத் தவறு வராது.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் புத்தகங்கள் இருக்கின்றன. உங்கள் பந்தயக் குழுவில் எஞ்சின் வேலைக்கு அந்தப் பெண் மனுப் போட்டிருக்கிறாள்; கை நன்றாக இருக்கிறது; தடையாக நிற்பது அவள்மேல் நான் எழுதிய புகார்க் கடிதம் ஒன்றுதான். அப்படித்தானே சொன்னீர்கள்? வரதராஜுலுவைக் கேட்டதற்கு, எழுதியவர் பேராசிரியர் அம்மாதான், அவரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று இந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டார். அவருக்கு அது பழக்கம். எஞ்சினில் சத்தம் என்றால் பெட்ரோல் பங்க்கைக் காட்டுவார்; பிரேக்கில் சத்தம் என்றால் மாநகராட்சியைக் காட்டுவார். போகட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

வாசலில் நிற்கும் சிவப்பு வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே வந்தீர்கள், கவனித்தேன். இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின். நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏழு விநாடிக்குள் தொடும் என்று விளக்கப் புத்தகத்தில் இருக்கிறது. நான் தொட்டுப் பார்த்ததில்லை. நாற்பதுக்குமேல் நான் போவதில்லை. கோவையின் சாலைகளில் நாற்பதுக்குமேல் போகிறவர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஓய்வு பெற்றதும் என்னோடு பணியாற்றியவர்கள் காசிக்குப் போனார்கள்; நான் ஷோரூமுக்குப் போனேன். இந்த வயதில் இந்த வண்டி எதற்கு என்று கேட்ட அத்தனை பேரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன்: பொறியியலின் உச்சத்தை மதிக்கத் தெரிந்தவர் ஒருவர் கையில் அது இருக்க வேண்டும். நூலகத்துக்கும் வங்கிக்கும் அதில்தான் போகிறேன்.

ஆடி மாதத்தில்தான் எல்லாம் நடந்தது. ஒரு வியாழக்கிழமை வண்டி சர்வீசுக்குப் போயிற்று. ஆயில் மாற்றியது, வடிகட்டி மாற்றியது, எல்லாம் சகாயமேரி. வண்டி நன்றாகத்தான் வந்தது. மறைக்க மாட்டேன். மறுநாள் ஆடி வெள்ளி. அக்கா வந்தாள். மாரியம்மன் கோயிலில் மந்திரித்த மஞ்சள் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, சிவப்பு வண்டிக்குக் கண்ணேறு அதிகம், ஸ்டீயரிங்கில் கட்டு என்றாள். அறிவியல் மன்றத்தில் மூடநம்பிக்கைக்கு எதிராக இருபத்திரண்டு சொற்பொழிவு ஆற்றியவள் நான். ஸ்டீயரிங்கில் கயிறு கட்டிக்கொண்டு ஊருக்குள் போக முடியுமா? ஆனால் மூத்தவள் கொண்டுவந்ததைக் குப்பையில் போடுவதும் பண்பல்ல. ஆகவே அவள் போனபின் பானெட்டைத் திறந்து, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துக் கட்டினேன். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி இருக்கிறதே, டிப்ஸ்டிக், அதன் தலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு வளையம் உண்டு. அதற்குக் கீழே நான்கு சுற்றுச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். மஞ்சளோடு மஞ்சள், கட்டியவளுக்கே தெரியவில்லை. இதை நம்பிக்கை என்று எண்ணிவிடாதீர்கள். மரியாதை. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர்கள்தான் நாட்டில் அதிகம்.

இது ஒரு பக்கச் செய்தி. விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை வண்டியைக் கிளப்புகிறேன், நடுங்குகிறது. ஓடும்போது ஒன்றுமில்லை. சிக்னலில் நின்றால் போதும், குளிர்காய்ச்சல் வந்தவனைப்போல் உதறுகிறது. ஆர்பிஎம் முள் ஐந்நூறுக்கு விழுகிறது, ஆயிரத்துக்கு எகிறுகிறது, மறுபடி விழுகிறது. லட்சுமி மில் சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "டீசல் வண்டிங்களா அம்மா?" என்றார். தம்பி, என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நேரே பட்டறைக்குப் போனேன். ஷாஜகான் கருவியை மாட்டிப் பார்த்தான். கலவையில் காற்று அதிகம் என்று திரையில் வந்தது. அவன் எனக்கு விளக்கம் சொன்னான், எனக்கு. எஞ்சின் தான் இழுக்கிற காற்றை ஒரு வாசலில் நிறுத்தி அளந்துதான் உள்ளே விடுமாம். அதற்கு ஏற்றபடிதான் பெட்ரோல் ஊற்றுமாம். அந்த வாசலைத் தவிர வேறு எங்காவது ஓர் இடுக்கு வழியாகக் காற்று புகுந்தால் அது கணக்கில் வராது. வேகத்தில் போகும்போது தெரியாது, சும்மா நிற்கும்போது தடுமாறும் என்றான். நான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒத்ததிர்வு பற்றி அவனுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களின் இயல்பதிர்வெண் மாறியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். இடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து காத்திருந்து திரும்பிப் போனார்கள். அறிவைத் தேடுகிறவன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மூன்று வாரம். ரப்பரை மாற்றினார்கள்; என் யோசனை. ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். காயில்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். பெட்ரோல் அழுத்தத்தை அளந்தார்கள். எதற்கும் மசியவில்லை. ஒருநாள் அந்தப் பெண், ஆயில் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடட்டுமா மேடம் என்று கேட்டாள். தேவையில்லை, அது மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, உங்கள் ரசீதிலேயே இருக்கிறது, அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கயிற்றுக்காகச் சொன்னதாக எண்ண வேண்டாம். செய்த வேலையைத் திரும்பச் செய்வது முறையற்ற ஆய்வு, அதற்காகச் சொன்னேன்.

அதன்பின்தான் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். எண்ணிட்ட பத்திகள். சர்வீசுக்கு முன்பு வண்டி நடுங்கவில்லை. சர்வீசுக்குப் பின்பு நடுங்குகிறது. இடையில் எஞ்சினைத் தொட்டவர் ஒருவர்தாம். இதில் எந்த வாக்கியம் பொய்? கடைசியில், தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தேன். அவளை வேலையைவிட்டு நீக்கச் சொல்லி நான் எழுதவேயில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, சனிக்கிழமைக்குள் கோளாற்றைக் கண்டுபிடி, இல்லையென்றால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னவர் வரதராஜுலு. தகுந்தது எது என்பதை முடிவு செய்கிறவர் அவர். நான் மொழியைச் சரியாகப் பயன்படுத்தினேன், அவ்வளவுதான். ஒரு நகலை அவளுக்குப் பயிற்சி தந்த நிலையத்துக்கும் அனுப்பினேன். அதில் நான் புரவலர்.

ஆம், அவள் மனுவோடு இணைத்த சான்றிதழில் இருக்கும் அதே நிலையம்தான். பட்டறைச் சுவரில், காற்றடிக்கும் கம்ப்ரஸருக்குமேல், என் புகைப்படம் ஒன்று தொங்குகிறது. நிலையத்தின் ஆண்டு விழாவில் நான் சான்றிதழ் வழங்கும் படம். நீலப் பட்டு, நன்றாகவே விழுந்திருக்கிறேன். பக்கத்தில் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். அவள்தான் சகாயமேரி என்று ஷாஜகான் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியவளும் அவள்தானாம். அன்று அறுபது பேருக்குக் கொடுத்தேன், தம்பி. ஒவ்வொரு முகத்தையும் சுமந்துகொண்டு திரிய முடியுமா? பெண் கையில் கரண்டி மட்டுமல்ல, ஸ்பேனரும் இருக்க வேண்டும் என்று அன்று நான் பேசியதற்கு நல்ல கைதட்டல். இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மேடை வேறு, என் எஞ்சின் வேறு.

காபி ஆறுகிறது, குடியுங்கள்.

அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு நான் போனேன். அக்காவும் கூட வந்தாள். அவளைக் கோயிலில் இறக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. வரதராஜுலு எங்களுக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவைத்தார். அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? ஒரு பால்பவுடர் டின்னில் அடுப்புக்கரியைப் பற்றவைத்து, அதன்மேல் சாம்பிராணி தூவிக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு சொற்பொழிவு ஆற்றியவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இங்கே வண்டி பழுது பார்க்கிறார்களா, பேய் ஓட்டுகிறார்களா என்று வரதராஜுலுவைக் கேட்டேன். அவர் சிரித்தார். அவர் சிரித்ததால் ஷாஜகானும் சிரிக்க வேண்டியதாயிற்று. அக்கா மட்டும் புகையைக் கண்டதும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு நான் அந்தப் பெண்ணிடமே, மாதா கோயிலில் பிடித்த பழக்கத்தை எஞ்சினில் காட்டாதே, இருபத்தோராம் நூற்றாண்டு வந்து வெகுகாலம் ஆயிற்று என்றேன். நகைச்சுவையாகத்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள் என்றேனே.

அவள் டின்னுக்கு மூடி போட்டாள். மூடியில் இரண்டு துளை, இரண்டிலும் ரப்பர்க் குழாய். ஒன்றில் சைக்கிள் பம்ப்பைச் செருகினாள். மற்றதை எஞ்சினின் காற்றுக் குழாய்க்குள் விட்டு, சுற்றிலும் துணியால் இறுக்கி அடைத்தாள். எல்லாம் முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள். "புகைக்குச் சாமி தெரியாதுங்க மேடம். ஓட்டைதான் தெரியும்" என்றாள்.

எடுத்தெறிந்து பேசவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இதற்கென்று இயந்திரம் விற்கிறதாம். வரதராஜுலு வாங்கித் தரமாட்டார், இவளாகச் செய்துகொண்டது என்று ஷாஜகான் என் காதோரம் சொன்னான். நான் கேட்கவில்லையே.

அவள் மெல்ல மெல்லப் பம்ப்பை அழுத்தினாள். அக்காவைத் தவிர நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். குழாய்களின் மூட்டுகளில் ஒன்றுமில்லை. அடிப்பக்கத்தில் ஒன்றுமில்லை. சந்தேகம் தீர்ந்ததா என்று நான் நிமிர்ந்த நேரத்தில், எஞ்சினின் ஓரமாக நூல்போல ஒரு புகை எழுந்தது. மஞ்சள் வளையத்தின் அடியிலிருந்து வந்தது. ஊதுவத்தி ஏற்றிவைத்ததுபோல் வளையத்தைச் சுற்றி மேலே போயிற்று.

ஷாஜகான் விளக்கை அருகில் கொண்டுபோனான். "குச்சி முழுசா உக்காரலைங்க முதலாளி. அடியில என்னமோ சுத்தியிருக்கு, அந்த இடுக்கு வழியாத்தான் காத்து உள்ள போகுது" என்றான்.

வயதானவர்களுக்குக் கிட்டப்பார்வை மங்கும், தூரப்பார்வை தெளியும் என்பார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அக்கா சொன்னாள்: "ஏ குமுதா, இது நம்ம மாரியாத்தா கயிறல்ல? ஸ்டீயரிங்கில கட்டச் சொன்னா, இங்க கொண்டுபோயா கட்டுனே?"

எதையும் கற்றுக்கொள்ளாதவள் என்று சொன்னேனே, எந்த இடத்தில் எதைப் பேசக்கூடாது என்பதும் அதில் அடக்கம்.

நான் தடுமாறவில்லை. உடனே விளக்கினேன். ஒரு கயிறு இருந்தது என்பது ஓர் உண்மை. நடுக்கம் இருந்தது என்பது இன்னோர் உண்மை. இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. முப்பத்து நான்கு ஆண்டுகள் இதைத்தான் வகுப்பில் சொன்னேன். வரதராஜுலு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகாட்ட அங்கே எதுவும் கிடைக்கவில்லை போலும்.

அந்தப் பெண் குச்சியை வெளியே எடுத்தாள். கத்தரி பக்கத்திலேயே இருந்தது, வெட்டவில்லை. எண்ணெயில் ஊறி இறுகிப்போன மூன்று முடிச்சையும் நகத்தால் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? எனக்கு ஒரு பாட வேளை போல இருந்தது. அவிழ்த்த கயிற்றைச் சுத்தமான துணியில் துடைத்து, இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தாள். என்னிடம் அல்ல, அக்காவிடம். பிறகு குச்சியைப் பழையபடி செருகி அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. குழாயைக் கழற்றினாள், எல்லாவற்றையும் இருந்தபடி பூட்டினாள், வண்டியைக் கிளப்பினாள்.

முள் எழுநூற்றைம்பதுக்கு வந்து நின்றது. அசையவில்லை. ஷாஜகான் ஒரு டம்ளர் தண்ணீரை எஞ்சின் மூடிமேல் வைத்தான், வட்டம்கூட எழவில்லை. அவன் அதை எனக்காக வைத்தானா, தனக்காக வைத்தானா என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் என் பண்பை நீங்கள் கவனிக்க வேண்டும். வேறொருத்தியாக இருந்தால் மூன்று வாரம் அலைக்கழித்ததற்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. எழுந்து அவள் அருகில் போய், எல்லாரும் கேட்கும்படியாகச் சொன்னேன்: "போகட்டும், சகாயமேரி. இந்த முறை உன்னை மன்னிக்கிறேன்." பெயர் சொல்லி அழைத்தேன், தம்பி. வரதராஜுலுவும், மேடமே பெரிய மனசு பண்ணிட்டாங்க, போய் அடுத்த வண்டியைப் பாரும்மா, திங்கட்கிழமை வழக்கம்போல வந்துடு என்றார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். முடியவிடாமல் செய்தவள் அவள்தான்.

கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேனா என்று கேட்கிறீர்கள். எதற்காக? கடிதத்தில் என்ன எழுதினேன்? அவள் தொட்ட பிறகு வண்டி நடுங்கிற்று என்று. நடுங்கியதா, இல்லையா? உண்மையைத் திரும்பப் பெறுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. மேலும் ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டு யாரும் விதி எழுதுவதில்லை. மறுமுறை கயிற்றைக் கட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு அவள் இருந்தால்தானே? கயிறு இப்போது ஸ்டீயரிங்கில் இருக்கிறது. அக்காவின் பிடிவாதம்.

என் கருத்தை உங்கள் குழுவுக்கு எழுத்தில் வேண்டுமானாலும் தருகிறேன். கைத்திறன் உண்டு, பணிவு போதாது. குறித்துக்கொள்ளவில்லையா? வந்ததிலிருந்து பேனா மூடியைத் திறக்கவேயில்லை நீங்கள். நல்லது, நினைவாற்றல் உள்ளவர் போலும்.

என்ன கேட்டீர்கள்? போகும்போது அவள் என்ன சொன்னாள் என்றா?

அதுதான் எனக்கும் விளங்கவில்லை. மன்னிப்புக் கிடைத்த ஒருத்தி ஒரு நன்றியாவது சொல்ல மாட்டாளா? குற்றமற்றவள் என்றால் நின்று பேச மாட்டாளா? அவள் தொட்டியடிக்குப் போய்ச் சோப்புத்தூள் போட்டு முழங்கைவரை கழுவினாள். உடைக்குமேல் போட்டிருந்த, பட்டறைப் பெயர் பொறித்த நீலச் சட்டையைக் கழற்றி, பொத்தான் போட்டு மடித்து, மேசைமேல் வைத்தாள். தன் ஸ்பேனர்களைச் சிறிதிலிருந்து பெரிது வரை துணியில் அடுக்கிச் சுருட்டிக் கட்டினாள். ஏம்மா, ஏம்மா என்று வரதராஜுலு இரண்டு முறை கூப்பிட்டார். ஷாஜகான் கூப்பிடவில்லை, சுருணையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கட்ட உதவினான். கம்ப்ரஸரைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும். அந்தப் படத்தைக் கழற்றிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன், சட்டம் அவளுடையதுதானே. கழற்றவில்லை. மறந்திருப்பாள்.

வண்டியை யாரும் அணைக்கவில்லை. அது அவ்வளவு அமைதியாக ஓடிக்கொண்டிருந்ததால், அவள் கேட்டைத் தாண்டி, தார்ச்சாலையில் இறங்கித் திரும்பும்வரை, அந்த ரப்பர்ச் செருப்புச் சத்தம் எங்கள் நான்கு பேருக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.